கோழிக்கூண்டுக்குப் பேலட் கட்டை

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கன்டெய்னரில் வந்திறங்கும் பழைய பேலட் மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

ராத்திரி கோழி உட்கார 2 அங்குல அகலக் கட்டை போதும்; விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். கோழி கால் மடக்கி உட்கார்ந்ததும் தசைநாண் இழுத்து விரல்கள் தானாகக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிவிசி குழாயில் அந்தப் பிடி வழுக்கும். இரும்புக் குழாயா? நம்ம ஊர் மே மாத வெயிலைக் கேளுங்கள்!

ஒரு கோழிக்கு 8 அங்குல இடம், சுவரிலிருந்து 1 அடி தள்ளி. முட்டைப் பெட்டியைவிடக் கட்டை உயரமாக இருக்கணும். இல்லையென்றால் ராத்திரி பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டு வைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூருக்குள் எண்ணெய் வெள்ளம் வந்ததே, அதற்கப்புறம் கூண்டையே ஹாலோ பிளாக் கல் மேல் ஏற்றிவிட்டேன்.

இன்னொன்று: கட்டைகளை ஒரே மட்டத்தில் அடியுங்கள். ஏணிப்படி மாதிரி அடித்தால் மேல்படிக்குத் தினமும் பொழுது சாயும்போது அடிதடிதான்.