வளைந்த இசைத்தட்டு

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு ஏதாவது கிடக்கிறதா? இருந்தால் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெளியாமல் தட்டையாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு தட்டைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் என்றால், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிற வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்களைவிட மணலில் நடந்து கடந்த நாட்கள்தான் எனக்கு அதிகம். திருச்சுழி என்றதும் 1879ல் அங்கே பிறந்த ரமண மகரிஷி உங்கள் ஞாபகத்துக்கு வரலாம். அருப்புக்கோட்டை என்றால் தறிச்சத்தம் வரலாம். 1977ல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதலமைச்சரான தொகுதியாச்சே என்றும் தோன்றலாம். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரேடியோ செட் அண்ணாச்சி.

அருப்புக்கோட்டையில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர், தட்டுப் பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், வயர் சுருள் எல்லாம் பஸ் டாப்பில் ஏறிவிடும். இசைத்தட்டுகள் இருக்கிற தகரப் பெட்டி மட்டும் அவர் மடியில் பயணம் செய்யும். விசேஷ வீட்டில் முதல் கேள்வியே “குழாய் கட்டியாச்சா?” என்பதுதான். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஏறி, சீர்காழியின் விநாயகர் பாட்டு கிளம்பினால்தான் அது கல்யாணம். இல்லாவிட்டால் வெறும் சாப்பாடு.

அவரிடம் இருந்ததெல்லாம் பெரும்பாலும் ஈ.பி. தட்டுகள். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஆக மொத்தம் நாலு. கொஞ்சம் அசந்தால் பாட்டு முடிந்து முள் கரகரவென்று சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் அண்ணாச்சியால் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. தட்டைத் திருப்பிப் போடுவதற்கென்றே கூட ஒரு பையனை வைத்திருந்தார். என் வயதுதான் அவனுக்கும். பன்னிரண்டு இருக்கும்.

அது 1982. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், சித்திரை வெயில். இளையராஜா இசையில் 1980ல் வந்த ‘மூடுபனி’ தட்டு அன்றைக்குப் பெட்டியில் இருந்தது. ஜேசுதாஸ் கிதாரோடு பாடுகிற பாட்டு எதுவென்று நான் சொல்லவே வேண்டாம். உங்களில் பாதிப் பேர் இந்நேரம் மனசுக்குள் பாட ஆரம்பித்திருப்பீர்கள். இளையராஜா லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிதார் பரீட்சை எழுதித் தேறியவர் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தந்திச் சத்தம் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

அண்ணாச்சி வயரைச் சரிபண்ண மரத்தடிக்குப் போயிருந்தார். “தொடாதீக, அண்ணாச்சி வைவாரு” என்றான் பையன். நான் கல்யாண வீட்டுப் பிள்ளை, அவன் கூலிக்கு வந்தவன். அதற்குமேல் அவனால் தடுக்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு கோடாகப் பள்ளம் தெரிந்தது, பாட்டைக் காணோம். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். தட்டைத் திண்ணைக் கல்லில் வைத்துவிட்டு ஓடினேன். பாயசம் வரை சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. யாரும் பார்க்காதபோது உறைக்குள் போட்டுப் பெட்டியில் சொருகிவிட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். முள் மேலும் கீழும் ஏறி இறங்கியது. கிதார், தண்ணீருக்குள் விழுந்த மாதிரி நெளிந்தது. ஜேசுதாஸின் குரல் அழுவது போலாகி, முள் துள்ளி நின்றுபோனது. ஊரே சிரித்தது. அண்ணாச்சி தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “எவன்டா வெயில்ல வச்சது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையன் கன்னத்தில் விட்டார் ஒன்று. கல்யாணப் பந்தலில், அத்தனை பேர் முன்னால்.

பையன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுமாதம் வேறொரு விசேஷத்துக்கு அண்ணாச்சி வந்தபோது கூட வேறு பையன் இருந்தான்.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில், பழைய இசைத்தட்டு சேகரிக்கிற நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு தட்டைப் போட்டுக் காட்டினார். நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் குறுந்தட்டு. ஐந்தே பாட்டு. தலைப்பே ‘1981–1982’ என்பதுதான்.

அவர்கள் மான்செஸ்டர்காரர்கள். ஒரு காலத்தில் பஞ்சாலைப் புகையில் கிடந்த ஊர் அது. நெசவு ஊர்க்காரனுக்கு அதைக் கேட்டதுமே ஒரு சொந்தம் வந்துவிட்டது. முதலில் ஜாய் டிவிஷன் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் இயான் கர்ட்டிஸ் 1980 மே மாதம், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த மூன்று பேரும் கில்லியன் கில்பர்ட் என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, பேரை மாற்றி மறுபடி ஆரம்பித்தார்கள். கிதாரோடு சிந்தசைசரும் தாளம் போடும் எந்திரமும் வந்து சேர்ந்தன. ஸ்வரங்களை வரிசைப்படுத்தி வாசிக்கும் கருவி ஒன்றை, உதிரி பாகங்கள் வாங்கி பெர்னார்ட் சம்னர் தானே பூட்டியிருக்கிறார். ரேடியோ செட் அண்ணாச்சியின் ஜாதி!

நம் ஊரில் 1986ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தபோது, “மெஷின் வாசிச்சா அது பாட்டா?” என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் குறுந்தட்டு ஓடும்போது எனக்கு ஒன்று புரிந்தது. எந்திரம் அலுக்காமல் ஒரே சீராக அடித்துக்கொண்டே போகிறது. அதன்மேல் கிதார் மட்டும் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வருகிறது. மனசு உடைந்து கிடக்கிறவனுக்கு, உடையாத ஒரு தாளம் பக்கத்தில் வேண்டியிருக்கிறது போல.

முதல் பாட்டின் தலைப்புக்கு ‘எல்லாம் பச்சையாகிவிட்டது’ என்று அர்த்தம் சொன்னார் நண்பர். சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் கோடையில் பச்சையாக இருப்பது சீமைக் கருவேலம் ஒன்றுதான். சிரித்து முடிக்கும்போது நண்பர் தட்டைக் கையில் எடுத்தார். “இது லேசா வளைஞ்சிருக்கு, பாத்தீங்களா?” என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் தாண்டி வந்து அந்த அறை என் கன்னத்தில் விழுந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அண்ணாச்சியைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். காது மந்தம். கடையில் மகன் உட்கார்ந்திருக்கிறார். குழாய்களைக் காணோம், ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. பாட்டெல்லாம் விரல் நீளப் பென்டிரைவில். நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னேன். அவர் காதில் கைவைத்துக் கேட்டார்.

“மூடுபனி பிளேட்டா? நல்ல பிளேட்டாச்சே...” என்றவர், “அந்தப் பயலையா கேக்குறீக? எத்தனையோ பயலுக வந்தானுக, போனானுக. எத்தனை பேரை அடிச்சிருப்பேன், எங்கிட்டு ஞாபகம் இருக்கு?” என்றார்.

தட்டு அவருக்கு ஞாபகம் இருந்தது. பையன் இல்லை. எனக்கும் அவன் பெயர் தெரியாது. அன்றைக்கு நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டார். தற்செயல்தான், அதே பாட்டு வந்தது. சுத்தமான சத்தம், ஒரு கீறல் இல்லை, நெளிவு இல்லை. ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலங்காடு பச்சைப் பசேலென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அந்தப் பாட்டு நெளியப் போகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன்.