பந்தியில் துடைத்த கரம்



மும்பைக்குப் பிழைக்க வந்த தென்னிந்தியருக்கு மாதுங்கா ஒரு தாய்வீடு. மத்திய ரயில் பாதையில் மாதுங்கா நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் பூக்கடைகளும் காப்பி மணமும் நம்மை எதிர்கொள்ளும். நிலையத்தின் அருகிலேயே 1942-ஆம் ஆண்டு ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் உள்ளது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறையெடுத்துத் தங்கிய எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் இத்தகைய கடைகளே சமையலறையாக விளங்கின.

தென்மும்பையிலோ ஈரானியர் கடைகள். தோபி தலாவில் உள்ள க்யானி கடை 1904-இல் தொடங்கியது. பளிங்குக்கல் மேஜை, வளைந்த மரநாற்காலி, வெண்ணெய் தடவிய பன், சூடான தேநீர். அவற்றைத் தொடங்கியவர்களும் ஈரானிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர்களே. அந்நியராக வந்தவர்கள் அந்நியருக்கு அடுப்பு மூட்டிய நகரம் இது.

இங்கே தனி மேஜை கிடைப்பது அரிது. முன்பின் அறியாதவர் எதிரே வந்து அமருவார், யாரும் யாரையும் "நீ எந்த ஜாதி?" என்று கேட்பதில்லை. நம்மில் பலருடைய பாட்டனார் சொந்த ஊரின் தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தவர்கள் என்பதை நினைக்கும்போது, இந்தப் பொது மேஜைக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆனால் அந்த மேஜையிலேயே தேவன் என்னைக் கடிந்துகொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, ஆராதனை முடித்து நான்கு குடும்பங்களாக ஒரு ஓட்டலுக்குச் சென்றோம். வாசலில் பெயர் கொடுத்து முக்கால் மணி நேரம் காத்திருந்து இடம் பிடித்தோம். தோசை வந்தது. சுற்றிலும் ஜனங்கள் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில், காலையில் பிரசங்க பீடத்தில் முழங்கிய நான், கண்களைக்கூட முழுவதும் மூடாமல் இரண்டே வரியில் முணுமுணுத்து ஜெபித்தேன். பின்னாலிருந்து "ஆமென்" என்று ஒரு குரல். திரும்பினேன். பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி, ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான். பத்தொன்பது வயதிருக்கும்.

"ஐயா, நான் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். இங்கே வந்து எட்டு மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதால் விடுப்பே கிடையாது. இன்றைக்குத்தான் ஐயா, தமிழில் ஒரு ஜெபம் கேட்டேன்" என்றான். அதற்குள் உள்ளிருந்து அதட்டல் வந்தது, போய்விட்டான்.

எனக்குத் தோசை இறங்கவில்லை. எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஆராதனை, நான் வெட்கப்பட்டுச் சுருக்கிய அந்த இரண்டு வரிகள்! அவனுடைய ஓய்வுநாளைச் செலவழித்தல்லவா நாங்கள் எங்கள் ஓய்வுநாளைக் கொண்டாடினோம்?

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை நினைத்தேன். புயலில் அலைந்த கப்பலில் 276 பேர். கைதியாயிருந்த பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்துத் தேவனை ஸ்தோத்திரித்துப் புசித்தார். அதைக் கண்டு மற்றவர்களும் திடமனப்பட்டுப் புசித்தார்கள். அவருடைய ஸ்தோத்திரம் அவருக்காக மட்டும் அல்ல.

மறுவாரம் நானும் இரண்டு சகோதரரும் அந்தத் தம்பியைத் தேடிச் சென்றோம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கடை சற்று ஓயும் என்றான். அன்றுமுதல் செவ்வாய்க்கிழமைதோறும் அருகிலுள்ள பூங்காவில் அரைமணி நேரம் கூடினோம். முதலில் மூன்று பேர். பின்பு வேறு கடைப் பிள்ளைகளும் வந்தார்கள். எச்சில் இலை எடுக்கும் கைகள் பரலோகத்தை நோக்கி உயர்ந்ததைக் கண்டேன்.

பிரியமானவர்களே, குடும்பமாய் வெளியே சாப்பிடுவது பாவமல்ல. ஆனால் உங்கள் மேஜையைத் துடைக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். "உனக்கு விடுப்பு எந்த நாள்?" என்று விசாரியுங்கள். சட்னி தாமதமானதற்காக அதட்டாதிருங்கள். உங்கள் ஜெபம் பக்கத்து மேஜைக்குக் கேட்கட்டும். அங்கே ஒருவன் எட்டு மாதமாய்க் காத்திருக்கக்கூடும்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் பந்தியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.