குட்டிச் சிலந்தியும் அப்பாவின் நாள்வழியும்

சாலைக் கடையில் வளர்ந்தவனுக்கு எட்டுக்கால் பூச்சி ஒன்றும் புதுசில்லை. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் வரை நீண்டு கிடக்கிற சாலை பஜாரில்தான் அப்பாவுக்கு மளிகைக் கடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து தாத்தா பிழைக்க வந்த இடம். கடைக்குப் பின்னால் கிட்டங்கி. அங்கே மல்லி, மிளகாய், புளி மூட்டைகளுக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி ஒட்டிக்கொண்டிருக்கும். வலை கட்டாது. வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி முட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அலையும். பத்து வயசில் ஒருநாள் நான் வாரியலை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"லேய், அத ஒண்ணும் செய்யாத. கரப்பானெ எல்லாம் அதுதான் தின்னுட்டுக் கெடக்கு. நீ ஒன் சோலியப் பாரு."

இந்த வார்த்தை முப்பது வருஷம் கழித்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது. பி.காம் படித்து, வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் இந்தக் குளிர்தேசத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. வீட்டில் நாய் வேண்டாம், பூனை வேண்டாம் என்று தங்கமணி உத்தரவு போட்டபோது, ரோமம் கொட்டாத, குரைக்காத, வாக்கிங் கேட்காத ஒன்றை மகள் கண்டுபிடித்தாள். டரான்டுலா! வயசு பன்னிரண்டு அவளுக்கு.

இதற்கென்றே நடக்கும் ஒரு கண்காட்சிக்கு என்னை இழுத்துப் போனாள். மேஜை மேஜையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒன்றின் லேபிளில் 'திருவிதாங்கூர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். நம்ம ஊர்ப் பெயரைச் சுமந்த ஒரு சிலந்தி, பிறந்தது மட்டும் ஐரோப்பாவில்! பொசிலோதீரியா ரூஃபிலாட்டா. 1899-ல் ரெஜினால்ட் போகாக் என்ற வெள்ளைக்காரர் பெயர் வைத்தது. அதே வருஷம் அவர் பெயர் வைத்த இன்னொன்று ஆந்திராவின் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட நீலச் சிலந்தி. அதை மறுபடி காட்டில் கண்டுபிடிக்க 2001 ஆகிவிட்டது. நம்ம ராமேஸ்வரத்திலும் ஒன்று உண்டு. அங்குள்ள அனுமவிலாசம் கோயில் பெயரையே 2004-ல் அதற்குச் சூட்டினார்கள். காடும் தோப்பும் அழிவதாலும், செல்லப்பிராணி என்று பிடித்து விற்பதாலும் இவையெல்லாம் அருகிப்போய், 2019-ல் இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஊரில் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான், பிடிக்கக் கூடாது.

எனக்கு அந்தத் திருவிதாங்கூர்க்காரியை வாங்கிவிட ஆசை. விற்றவரே தடுத்துவிட்டார். மின்னல் வேகமாம், கடித்தால் நாள்கணக்கில் தசை இழுக்குமாம், புதுசாக வளர்ப்பவர்களுக்கு ஆகாதாம். நாங்கள் வாங்கியது மத்திய அமெரிக்காவின் 'கர்லி ஹேர்' வகைக் குட்டி. சாதுவான இனம். கால் விரித்தால் ஒரு சென்டிமீட்டர்.

முதல் குட்டியைக் கொன்றவன் நான்தான். பூசி மெழுக விரும்பவில்லை.

2023 நவம்பர். மகள் ஐந்து நாள் பள்ளிச் சுற்றுலா போனாள். குட்டி என் பொறுப்பு. குளிருமே பாவம் என்று டப்பாவை ஹீட்டருக்கு மேல் இருந்த பலகையில் வைத்தேன். இரண்டே நாளில் மண் காய்ந்து பொரிந்துவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. நாலாம் நாள் பார்த்தால் எட்டுக் காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, மூடின கை மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்தது. போனில் மகள் கேட்டபோது, "நல்லா தூங்குதும்மா" என்றேன். அவள் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் படித்தேன். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தி அனுப்பித்தான் நீட்டுகிறது, ஜேசிபி கை நீளுகிற மாதிரி. உடம்பில் தண்ணீர் வற்றினால் அழுத்தம் போய்விடும், கால்கள் தானாக உள்ளே சுருண்டுவிடும். பெரிய சிலந்தி கொஞ்ச நாள் தாங்கும், குட்டி தாங்காது. நான் தூக்கம் என்று நினைத்தது தாகம். அந்த நேரத்தில்கூட வாய்ப்பக்கம் இரண்டு சொட்டுத் தண்ணீர் வைத்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

இரண்டாவது குட்டி வாங்க அவள் மூன்று மாசம் யோசித்தாள். இந்தத் தடவை நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, இரை வைத்தது, எடுத்ததா, தண்ணீர், வயிற்றின் அளவு, குறிப்பு. அப்பா கடையில் எழுதுவாரே நாள்வழி, அதே ஏற்பாடுதான். சிலந்திக்கு முகம் வாடாது, முனகாது, காய்ச்சல் அடிக்காது. பார்க்கத் தெரிந்த டாக்டரும் லேசில் கிடைக்கமாட்டார். அதன் உடம்பு நிலையைச் சொல்வது முந்தைய பக்கங்கள் மட்டும்தான்.

அந்த நோட்டை வைத்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். யாராவது ஒரு அப்பாவுக்கு உதவும்.

குட்டி சாப்பிடவில்லை என்றால் உடனே பதறக் கூடாது. வங்கியில் 90 நாள் வரவு இல்லை என்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவோம். இங்கே அந்தச் சட்டம் செல்லாது. வயிறு கொழுத்து, மினுங்கி, கறுத்துக்கொண்டே வந்து, வளை வாயையும் அடைத்துக்கொண்டால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். போட்ட சுவர்க்கோழியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உரித்துக்கொண்டு கிடக்கிற குட்டியை இரையே கடித்துத் தின்றுவிடும். வயிறு சுருங்கி வற்றிப்போய் இரையும் எடுக்கவில்லை என்றால் அதுதான் கவலை. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

உரிக்கும்போது ஒரு கால் போனாலும் அழ வேண்டாம். அடுத்தடுத்த உரிப்பில் முளைத்துவிடும். உரித்தபின் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். கறுக்கும்வரை, குட்டிக்கு ஒரு வாரம்போல, இரை கூடாது. விழுந்தால் வயிறு கிழிந்துவிடும் என்பதால் இந்த வகைக்கு உயரமான டப்பா ஆகாது. தின்ற மிச்சத்தை ஈரத்தில் அழுக விட்டால் வெள்ளை உண்ணிகள் மொய்க்கும். சுத்தம் செய்து மண்ணை மாற்ற வேண்டும். வாயோரம் வெள்ளையாகப் பசை மாதிரி கட்டி, நாற்றமும் அடித்தால் அது நுண்புழு. மருந்து இல்லை, மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு புழுவுக்கு 2022-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் நடிகர் ஜெஃப் டேனியல்ஸின் பெயரை வைத்தார்கள். சிலந்திப் படத்தில் நடித்ததற்குக் கிடைத்த மரியாதை! கால்கள் கட்டுப்பாடில்லாமல் வெட்டி வெட்டி இழுத்தால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்கலாம். அதனால் எங்கள் வீட்டில் ஸ்ப்ரே கிடையாது. தங்கமணிக்கு இதில் இன்னும் வருத்தம்தான் :-)

2024 ஆகஸ்ட். மூன்று வாரம் லீவில் சாலைக்கு வந்தோம். குட்டி அப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவு. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் சாவியைக் கொடுத்து, வாரம் இரண்டு தடவை டப்பாவின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி. சாலையில் ஷட்டரெல்லாம் இறக்கியாச்சு. அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். குட்டி மல்லாக்கக் கிடக்கிறது. பின்னாலேயே குரல்: "தம்பி, இது செத்துப்போச்சுது போல கிடக்கு. பிள்ளை பாவம். எடுத்து எறிஞ்சு விடவோ?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுபடியுமா? மகளிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் அவளே என் தோள்வழியாகப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப்போயிற்று. ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். கை நடுங்குகிறது, பக்கம் புரளவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, "என்ன மக்கா எழவு?" என்றார். சொன்னேன். எழுபத்தெட்டு வயசு மனுஷன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த நோட்டுல என்ன எழுதிருக்கு? வாசி" என்றார்.

வாசித்தாள். ஜூலை 3, இரை எடுக்கவில்லை. ஜூலை 10, எடுக்கவில்லை. ஜூலை 17, எடுக்கவில்லை, வயிறு கறுப்பு, மினுக்கம். ஜூலை 24, வளை வாய் அடைத்தாச்சு. வாசிக்க வாசிக்க அவள் குரல் திரும்பி வந்தது. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். கால்கள் சுருளவில்லை, மேலே பார்த்து விரிந்திருந்தன.

"அப்பா, சாகலை. சட்டை உரிக்குது. தொடவேண்டாம்னு சொல்லுங்க!"

நான் தயங்கினேன். போனதடவை தூங்குது என்று சொன்ன வாய் இல்லையா இது? அப்பாதான் சொன்னார்: "எழுதி வச்சத நம்புல. மொகத்தப் பாத்துக் கணக்கு முடிக்கப்படாது. கடையில ஒனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

அக்காவைக் கூப்பிட்டு, டப்பாவை அசைக்காமல் அப்படியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். "சரி தம்பி, நீங்கள் சொன்னால் சரி" என்றார், நம்பாத குரலில். அன்றைக்கு ராத்திரி மகளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. மாடியில் உட்கார்ந்து சாலையில் லாரிகள் வந்து மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை மணி இருக்கும், அவளாகவே கேட்டாள். "போனதடவை நீங்க வேணும்னு பொய் சொல்லலை இல்லப்பா?" தெரியாமல் சொன்னேன் என்றேன். "ம்" என்றாள். ஒன்பது மாசமாக நான் காத்திருந்த 'ம்' அது.

மறுநாள் மத்தியானம் சோறு உண்டுகொண்டிருக்கும்போது படம் வந்தது. அக்காவின் குரலில் ஒரே பரபரப்பு: "தம்பி, இப்ப ரெண்டு நிக்குது! குட்டி போட்டிருக்கு போல!"

ஒன்று பழைய சட்டை, இன்னொன்று எங்கள் குட்டி. பளபளவென்று, முன்னைவிடப் பெரிசாக. மகள் இலையை விட்டு எழுந்து எச்சில் கையோடு குதித்தாள். அப்பா, "நோட்டுல எழுதுட்டீ மொதல்ல" என்றார்.

எழுதினாள். அன்றைக்குச் சாயங்காலம் தாத்தாவும் பேத்தியும் டார்ச் அடித்துக்கொண்டு கிட்டங்கிக்குள் போனார்கள், சுவரில் அந்தப் பெரிய எட்டுக்காலியின் வாரிசு யாராவது இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. வாரியலை நான் எடுக்கவில்லை.