உம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

 

பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமைகள் என்ற பாடத்தை நான் பல வருடங்களாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். ஜும்ஆ மிம்பரிலும் அதைப்பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் நான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறேன் என்பதை 2014ஆம் ஆண்டு எங்கள் உம்மா வழுக்கி விழுந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் உள்ள உம்மாவுக்கோ, மாமிக்கோ, உம்மும்மாவுக்கோ இப்படி நேர்ந்தால், நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடக்கூடாது என்பதே என் நோக்கம்.

உம்மாவுக்கு அப்போது வயது 69. ஸுபஹுக்கு வுழூ எடுக்கக் குழாயடிக்குப் போனவர், ஈரத்தில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்துவிட்டார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு மூட்டிலும் முறிவு. சத்தம் கேட்டு ஓடிப்போன நாங்கள் முதலில் செய்த வேலை, இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்ததுதான். அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு அயல்வீட்டுக்காரரின் வேனில் பின் ஆசனத்தில் மடக்கிப் போட்டுக் கொண்டுபோனோம். விழுந்த வயோதிபருடைய ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு மூட்டு முறிந்திருக்க இடமுண்டு என்று பிறகுதான் அறிந்தோம். அப்படிப்பட்டவரை நிறுத்தக்கூடாது, நடத்தவும் கூடாது. கிடந்த இடத்திலேயே போர்த்தி, காலுக்கு இருபுறமும் தலையணை வைத்து அசையாமல் தாங்க வேண்டும். இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. அந்த வசதி அன்று எங்களுக்கு இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கையில் வீக்கம் ஏறிவிட்டது. மோதிரத்தையும் வளையலையும் கழற்ற எவருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் அவற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். சகோதரிகளே, கையில் அடிபட்டால் வீங்குவதற்கு முன்பே நகைகளைக் கழற்றிவிடுங்கள். வெட்டத் தயங்கினால் விரலுக்கு இரத்தம் போவது தடைப்படும்.

எண்ணெய் போட்டுத் தடவலாம் என்று சொன்ன உறவினர்களும் இருந்தார்கள். முறிவு வைத்தியம் எங்கள் நாட்டில் பரம்பரையாக வந்தது. அதை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குமுன் முறிந்த இடத்தைத் தடவினால், நொறுங்கிய எலும்பு நரம்பையும் இரத்தக் குழாயையும் காயப்படுத்தலாம்.

நான்காம் நாள் இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. கைக்கு பிளாஸ்டர் போட்டார்கள். பெண்கள் வார்ட்டில் இரவில் ஆண்கள் தங்க முடியாதென்பதால் என் மனைவிதான் கூட இருந்தாள். துண்டு வெட்டும் நாளில் தாதி அவளைக் கூப்பிட்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னபோது நான் வெளியே வேன் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்பது என் வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எங்கள் அன்பு தொடங்கியது. "எழும்ப வேணாம் உம்மா, படுங்கோ" என்பதே எல்லோர் வாயிலும் வந்த வார்த்தை. நடக்கப் பழகுவதற்கு ஆஸ்பத்திரியில் காட்டித் தந்த வோக்கரை மூலையில் வைத்துவிட்டோம். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட்டும் நெஸ்டமோல்ட்டும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, "பாவம், அசையாமக் கிடங்க" என்று சொல்லிப் போனார்கள். அசையாமல் கிடப்பதுதான் எலும்புக்கு மருந்து என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஒன்பதாம் நாள், உடம்பு துடைக்கும்போது, முதுகின் அடியில் சிறு குரும்பட்டி அளவுக்கு ஓர் இடம் நிறம் மாறியிருப்பதை மனைவி கண்டாள். இரண்டு நாளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. கிளினிக்குக் கொண்டுபோனோம். புண்ணைக் கழுவிய தாதி, சிங்களப் பெண், தெரிந்த தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எலும்பை டொக்டர் சரி செஞ்சார். இந்தப் புண் வீட்டில வந்தது." ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவர் கேட்டார், "அம்மா தண்ணி குடிக்கிறதா?" அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். நான் கேட்கும்போதெல்லாம் உம்மா, "வாணாம் மகன், தாகமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கு வரண்டிருந்தது. நான்கு நாளாக மலம் போகவில்லை. மூத்திரம் மஞ்சளாகிக் கடுத்தது. அன்றிரவு என் மனைவியிடம்தான் உண்மையைச் சொன்னார்: "குடிச்சா உன்ன எழுப்பணும் மகள். நீ எத்தன தரம் எழும்புவாய்?"

சகோதரிகளே, பெட்பான் வைக்க மருமகளை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சத்தில் ஒரு தாய் தாகத்தோடு கிடந்திருக்கிறார். அதே வீட்டில், பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றும் சொல்லாதே என்ற குர்ஆனின் கட்டளைக்கு விளக்கம் சொல்லும் மகன் நிம்மதியாக உறங்கியிருக்கிறான்.

அன்றுதான் நான் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டேன். முதலாவது, முறிந்த எலும்பை அல்லாஹ் தன் நேரத்தில் பொருத்துகிறான். பெரியவர்களுக்குக் கையில் 6 முதல் 8 வாரம், காலில் 12 வாரம் வரையும் செல்லலாம். அதுவரை தோல், நெஞ்சு, வயிறு, மனம் இவையெல்லாம் கெடாமல் காப்பதுதான் வீட்டாரின் வேலை. இரண்டாவது, அந்த வேலை முதலில் பிள்ளைகளுடையது. மருமகள் மாமிக்குப் பணிவிடை செய்வது மார்க்கம் அவள்மீது சுமத்திய கட்டாயக் கடமை அல்ல. அவள் செய்வது இஹ்ஸான், உபகாரம். அதற்கு அவளுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. நாமும் நன்றி சொல்ல வேண்டும். மறைவிடத்தைத் துப்புரவாக்கும்போது பெண் ஒருத்தி செய்வதே நல்லது. அப்போதும் கதவைச் சாத்தி, போர்வையால் மூடி, தேவையான இடத்தை மட்டும் திறக்க வேண்டும். ஆனால் தூக்கிப் புரட்டவும், ஊட்டவும், பெட்பானை வெளியே கொண்டுபோய்க் கழுவவும், விரிப்பைத் துவைக்கவும், இரவில் விழித்திருக்கவும் ஆண் மகனுக்கு எந்தத் தடையும் இல்லை.

அந்தத் தாதி சொன்னதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

படுத்திருக்கும்போது 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும், இரவிலும்கூட. இடுப்பில் ஒப்பரேஷன் செய்தவரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பும்போது இரு கால்களுக்கும் நடுவே தலையணை வையுங்கள். கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணை கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாது. விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கக்கூடாது. இழுக்காமல் இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள். இழுத்தால் தோல் உரியும். நாள்தோறும் முதுகடி, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகியவற்றைப் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் நின்றால் அது புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. தடிப்பும் சூடும்தான் அடையாளம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

வைத்தியர் அனுமதித்த அளவுக்கு எழுப்பி உட்காரவும், வோக்கரைப் பிடித்து நிற்கவும் வையுங்கள். படுக்கையிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். மணிக்கொரு தரம் ஆழமாகப் பத்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டை மாற்றியவர்கள் கால்மேல் கால் போடவோ, தாழ்ந்த பங்கில் குந்தவோ கூடாது. உயரமான கதிரையும் கொமட் கதிரையும் வேண்டும்.

பிளாஸ்டர் போட்ட கையை முதல் சில நாட்கள் தலையணைமேல் உயர்த்தி வைத்து, விரல்களை அசைக்க வேண்டும். நனைக்கக்கூடாது. அரிக்கிறதென்று ஈர்க்கிலோ பின்னல் ஊசியோ உள்ளே விடக்கூடாது. விரல்கள் நீலமாகியோ குளிர்ந்தோ மரத்தோ போனாலும், மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடினாலும், உள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். ஒரு கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அப்படியே.

எலும்புச் சூப் நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதில் கல்சியம் குறைவு. பால், முட்டை, பருப்பு, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, கீரை இவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வைத்தியர் தடுக்காவிட்டால் தண்ணீரைக் கேட்டுக் கொடுக்காமல், குவளையை வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உம்மா அந்த நாட்களில் தொழவில்லை. "சுத்தமில்லாமக் கிடக்கிறன் மகன்" என்று அழுதார். வருடந்தோறும் கிதாபில் கட்டுப் போட்டவரின் வுழூவை ஓதிக்கொடுக்கும் நான், சொந்த உம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை! நமது ஷாபிஈ மத்ஹபில், கழுவ முடிந்த உறுப்பைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்து தொழலாம். அந்தத் தொழுகையைப் பின்னர் மீட்ட வேண்டுமா என்பது கட்டு இருக்கும் இடத்தையும் போட்ட விதத்தையும் பொறுத்தது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நிற்க முடியாவிட்டால் இருந்தும், அதற்கும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம். நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டபோது உட்கார்ந்து தொழுதார்கள். தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் வற்புறுத்தி, அவர் இறந்துபோனபோது, தெரியாததைக் கேட்டறிந்திருக்கக்கூடாதா என்று நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்தச் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நோயாளியிடம் மார்க்கத்தைக் கடினமாக்குவது பக்தியல்ல.

பெண்களாகிய நீங்கள் நோயாளியைப் பராமரிப்பது புதிய விஷயமும் அல்ல. அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை மதீனாவில் கூடாரத்தில் வைத்துப் பராமரித்தவர் ருபைதா (ரழி) என்ற பெண்மணி. நபியவர்கள் அவ்வழியே போகும்போது காலையிலும் மாலையிலும் அவரது சுகத்தை விசாரித்தார்கள். வைத்துப் பார்த்தவர் ஒரு பெண். நின்று விசாரித்தவர் உம்மத்தின் தலைவர். எங்கள் வீடுகளில் இரண்டாவது பகுதிதான் குறைகிறது.

அன்று முதல் இரவு 10 மணிக்குப் பிறகு உம்மாவின் முறை என்னுடையதானது. அலாரம் வைத்து எழும்பிப் புரட்டுவேன், தண்ணீர் கொடுப்பேன். மறைவான தேவைக்கு மட்டும் மனைவியை எழுப்புவேன். பெட்பானை நான் கழுவி வைப்பேன். முதல் இரவில் உம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் இரவில் தாமாகவே, "தண்ணி தா மகன்" என்றார். புண் ஆற இரண்டு மாதம் சென்றது. மூன்றாம் மாதம் வோக்கரோடு முற்றத்துக்கு வந்து இளவெயிலில் உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ். அதன்பின் ஐந்து வருடம் வாழ்ந்து, 2019இல் வேறொரு நோயால் மௌத்தானார்.

மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு மெலியும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு விட்டமின் டியும் குறையலாம். ஒருமுறை எலும்பு முறிந்தவர் எலும்பைப் பலப்படுத்தும் மருந்தைப்பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். இன்றே உங்கள் குழாயடியைப் பாருங்கள். பாசி இருந்தால் உரசுங்கள். பிடிக்க ஒரு கம்பி, இருந்து வுழூ எடுக்க ஒரு கதிரை, இரவில் ஒரு விளக்கு. இவை பெரிய செலவல்ல.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் கணவனிடமும் ஆண் பிள்ளைகளிடமும் கொடுங்கள். யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்களின் தாகத்தை அவர்கள் சொல்லாமலே அறியும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.