இரண்டு ரூபாய்

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்” என்பது நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டுவரும் பழமொழி. அதன் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கழிந்த ஒரு மாலைப் பொழுதில்தான்.

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கத்தில் உள்ளது. அண்ணன் பட்டு நெசவாளி. அப்பா மறைந்த பிறகு அவர் பள்ளியை விட்டுத் தறிக்குழியில் கால் வைத்ததால்தான் நான் கல்லூரியில் கால் வைக்க முடிந்தது. சென்ற பருவத்தில் தேர்வுக் கட்டணத்திற்கென்று அவர் கொடுத்த பணத்தை நான் கட்டவில்லை. நண்பர்களோடு இரண்டு சினிமா, பரோட்டாக் கடை, ஒரு புதுச் சட்டை என்று பணம் கரைந்துவிட்டது. மிஞ்சியது இருநூறு ரூபாய். “கட்டிட்டியா?” என்று அண்ணன் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா, “ஆசிரமத்துக்கு ஒரு தரம் கூட்டிக்கிட்டுப் போடா” என்றாள். போளூர் வழியாகப் பேருந்தில் சென்றோம். பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தூரம். உள்ளே நுழைந்ததும் பழைய இலுப்பை மரம். மயில்கள் மனிதர்களுக்கு அஞ்சாமல் உலவின. மகரிஷியின் தாயார் 1922-இல் மறைந்தார். அவருடைய சமாதியின் மேல் எழுந்ததே மாத்ருபூதேசுவரர் ஆலயம். அதை வணங்கிவிட்டு, 1948-இல் இறந்த லட்சுமி என்ற பசுவின் சமாதிக்குச் சென்றோம். மாட்டுக்கும் சமாதியா என்று அம்மா வியந்து நின்றாள்.

புத்தக நிலையத்தில் மகரிஷியின் வரலாற்றைச் சொல்லும் சிறு நூலொன்று வாங்கினேன். அம்மாவுக்கு எழுத்தறிவு இல்லை. இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்து, “படி, கேக்கலாம்” என்றாள். படித்தேன்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பள்ளி மாணவனாக இருந்த வேங்கடராமனுக்கு அப்போது வயது 16. பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துத் தன் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துமாறு அண்ணன் நாகசாமி அவரிடம் சொல்லியிருந்தார். தனி வகுப்பு இருக்கிறது என்று கூறிப் புறப்பட்ட அந்தச் சிறுவன், வழிச்செலவுக்கு 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்துவிட்டுப் போனார். கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும், மீதிப் பணம் இருப்பதையும் கடிதத்தில் எழுதியிருந்தார். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

எனக்குத் தொண்டை அடைத்தது.

“ஏண்டா நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்லேம்மா.”

“பாத்தியா, எல்லாத்தையும் விட்டுட்டுப் போற புள்ளை, அண்ணன் காசுக்குக் கணக்கு சொல்லிட்டுப் போயிருக்கு” என்றாள் அம்மா. எதையும் அறியாமல் அவள் சொன்ன சொல் என்னைச் சுட்டது.

ஆறரை மணிக்குத் தமிழ்ப் பாராயணம் தொடங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மாவுக்குப் பாடல்கள் தெரியாது. கண்களை மூடி உதடுகளை மட்டும் அசைத்தாள். பின்னர் மகரிஷி பல்லாண்டு அமர்ந்திருந்த பழைய ஹாலில் தியானத்திற்கு உட்கார்ந்தேன். எண்ணம் எழும்போதெல்லாம் ‘இது யாருக்கு எழுந்தது?’ என்று கேட்டு, எழுந்த இடத்திற்கே திரும்பச் சொன்னவர் அவர். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு எழுந்தது ஒரே எண்ணம்தான், பதிலும் ஒன்றுதான். அண்ணனை ஏமாற்றியவனுக்கு எழுந்தது! ‘நான் யார்’ என்னும் பெரிய கேள்விக்குப் போகும் முன், எனக்கு இந்தச் சின்னக் கேள்வி வழிமறித்து நின்றது. அமைதியைத் தேடிப் போனவன் அரைமணி நேரத்திற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இருட்டில் அருணாசல மலை அசையாமல் நின்றது.

மறுநாள் காலை தறியருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகத்தை நிமிர்த்தவில்லை. நாடா மட்டும் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், “மிச்சம் எவ்வளவு இருக்கு?” என்றார். இருநூறு ரூபாயைப் பலகைமேல் வைத்தேன். அன்று மாலையே முதலாளியிடம் முன்பணம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது விடுமுறை நாட்களில் அண்ணனுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். கடன் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு மீண்டும் ஒரு மாலை அந்த ஹாலில் போய் உட்கார வேண்டும். அப்போதாவது என்னால் கண்ணை மூட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.