ஒரு பேரும் ஒரு பல்லும்

திகனயை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாகச் சேர்ந்த ஆண்டில், என் வகுப்பு மாணவி ஒருத்தி கன்னத்தில் கையை ஊன்றியவாறே பாடம் கேட்பாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை. தாயுடன் கிளினிக்குக்கு வரும்படி பாடசாலைப் பற்சிகிச்சையாளர் மூன்று முறை துண்டு எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் அவர்கள் போகவில்லை.

தாயை அழைத்துக் கடிந்துகொண்டேன். பிள்ளைமீது அக்கறை இல்லையா என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"கிளினிக்குக்குப் போனா ஒரு பேர் போயிரும், சேர். பேர் போனா அரிசிக்கு என்னா செய்யிறது?"

'பேர்' என்றால் தோட்டத்தில் ஒரு நாட்கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேராகிவிடும்.

அன்று மாலை லயத்துக்குப் போனேன். எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பீலி; அதுவும் வெளியே, இருட்டில். இரவில் படுக்குமுன் பல் துலக்குங்கள் என்று நான் வகுப்பில் போதித்து வந்தது நினைவுக்கு வந்தது. ஃபுளோரைட் கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆயின், அரிசியும் மாவும் வாங்கிய பின்னர்தானே அதற்குக் காசு? சீனி போட்ட தேநீரைக் கொண்டே குழந்தைகள் பசியாறுகின்றனர்.

1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோ என்னும் அறிஞரின் குழு, இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை மீண்டும் மீண்டும் பரிசோதித்தது. தடுப்புத் திட்டம் எதுவுமே எட்டாத மக்களிடம் ஈறுநோய் எவ்வாறு முற்றுகிறது என்பதே ஆராய்ச்சி. பல் மருத்துவ உலகம் இன்றும் அதனை மேற்கோள் காட்டுகிறது. ஈறுநோய் மலிந்திருந்த அத்தொழிலாளரிடம் பற்சொத்தை ஏறக்குறைய இல்லை என்பதும் அதில் பதிவாகியுள்ளது. அப்படியாயின் சொத்தை இம்மக்களின் பிறவிக் குறையன்று. மலிவான சீனிப் பண்டங்கள் இன்று லயம்வரை வந்து சேர்கின்றன, சிகிச்சை வருவதில்லை.

திகனயிலிருந்து கண்டிக்குப் பத்து மைல். அதற்குச் சற்று அப்பால், பேராதனையில், பல் மருத்துவ பீடமே இருக்கிறது. தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கே போய்வர ஒரு பேரை இழக்கவேண்டும்.

மறுவாரம் தாயின் சம்மதம் பெற்று, நானே சிறுமியை அழைத்துச் சென்றேன். பல்லை அடைக்கும் காலம் கடந்துவிட்டது, பிடுங்கினார்கள். அது இனி முளைக்காத பல்.

ஆசிரிய நண்பர்களே, சொன்னபடி கேட்காதவர்கள் என்று இம்மக்களை நாம் எளிதில் பழித்துவிடுகிறோம். கிளினிக்குக்குச் செல்லும் நாளுக்கும் கூலி வேண்டும், லயத்துக்குள் தண்ணீர் வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து கேட்டோமா? நான் கேட்கவில்லை. அந்தத் தாயைக் கடிந்துகொள்ள மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.