பாசி சமைக்க, பூஞ்சை உண்ண

அட்டனைத் தாண்டியதும் ரயிலில் எல்லாரும் சென் கிளேர் அருவிக்காகச் சன்னலோரம் நெருக்கியடித்தார்கள். என் கண் போனதெல்லாம் மரங்களின் மேல். தேயிலைக்கு நிழலாக நட்ட மரங்களின் பட்டை முழுக்கச் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக லைக்கன் படர்ந்திருந்தது.

தலவாக்கலையில் இறங்கி ஒரு தோட்டத்துப் பாதையில் நடந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த அக்கா ஒருவரிடம் மரத்தைக் காட்டிக் கேட்டேன். “அது மரத்துத் தேமல் தம்பி. பனி எறங்குனா பச்சையாகும், வெயிலடிச்சா வெளுத்துப்போகும்” என்றார். எவ்வளவு கூர்மையான கவனிப்பு! லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் அதன் உடலுக்குள் வாழும் பாசியும் சேர்ந்த குடித்தனம். காய்ந்திருக்கும்போது பூஞ்சையின் மேல்தோல் மங்கி வெளுக்கும். நனைந்தால் அதில் ஒளி ஊடுருவும். உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். பச்சைப்பாசி உள்ள லைக்கன் விழித்தெழ மழைகூட வேண்டியதில்லை, ஈரக்காற்றே போதும். பனிமூட்டம் ஓயாத இந்த மலைகளில் அது செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையல் முழுக்கப் பாசியுடையது. வெளிச்சத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு அது உண்டாக்கும் உணவில் பெரும்பகுதி ரிபிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹாலாகப் பூஞ்சைக்குக் கசிகிறது. பூஞ்சை அதை மேனிட்டாலாக மாற்றித் தன் கணக்கில் வைத்துக்கொள்கிறது. 1960களில் ஆக்ஸ்போர்டில் டேவிட் ஸ்மித்தும் அவருடன் இருந்தவர்களும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு இந்தப் போக்குவரத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். என்னை உலுக்கியது அவர்கள் கண்ட வேறொன்று: பாசியைப் பூஞ்சையிடமிருந்து பிரித்து வளர்த்தால், அது சர்க்கரையை வெளியே விடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறது.

கடலிலும் இதே கதைதான். திருகோணமலைப் புறாத்தீவுப் பக்கம் பவளங்களின் உயிரணுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் தன் கழிவான அமோனியாவையும் கரியமில வாயுவையும் பாசிக்குக் கொடுக்கிறது. பாசி கிளிசராலும் குளுக்கோசும் கொழுப்புமாகத் திருப்பித் தருகிறது. 1967இல் லெனார்ட் மஸ்கட்டைன், பவளத்தின் திசுச்சாற்றைச் சேர்த்தால் தனியே பிரித்த பாசிகூடக் கிளிசராலைக் கசியவிடும் என்று காட்டினார். ஆக, உணவைக் கறந்தெடுக்கும் வித்தை வீடு கொடுத்தவரிடம் இருக்கிறது. 1998இல் கடல் சூடேறிப் பாசிகள் வெளியேறியபோது, இக்கடுவைப் பவளங்கள் வெளுத்துப் பட்டினியில் மடிந்தன.

பூஞ்சை எசமான், பாசி அதன் அடிமை என்று எழுதினார் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர். ஆண்டு 1869. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய்ப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அதே ஆண்டில்தான். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்கு நடுவே நின்றுகொண்டு அந்த உவமையை லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலைகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. தவிர, உவமை முழுக்கப் பொருந்தவும் இல்லை. பூஞ்சை தரும் ஈரமும் நிழலும் இல்லையென்றால், வெயில் காயும் பட்டையில் பல பாசிகள் பிழைத்திருக்க முடியாது.

கோப்பி நோயை ஆராய 1880இல் இலங்கை வந்தவர் இளைஞர் ஹாரி மார்ஷல் வார்ட். கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் இங்கே இலைகளின் மேல் அவர் கண்ட ஸ்டிரிகுலா என்ற லைக்கனைப் பற்றி 1884இல் அருமையான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

மறுநாள் ஹக்கலையில் ஒரு முற்றிய இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் செம்மஞ்சள் வட்டம்: தோலுக்கடியில் தனியே வாழும் செபலியூரஸ் பாசி. பக்கத்திலேயே கரும்புள்ளிகளோடு வெளுத்த வட்டம்: பூஞ்சை பிடித்து லைக்கனாகிவிட்ட பாசி. இந்தப் பாசிக் குடும்பத்தில் ஒன்று தேயிலையின் தண்டுக்குள்ளேயே புகுந்து செந்துரு நோயாகிறது. பொட்டாசியம் குறைந்த மண்ணில், வறட்சியில் நலிந்த செடியில்தான் அதன் கை ஓங்கும். மருந்தடிப்பதோடு நிற்காமல் செடிக்குச் சாப்பாடு போதுமா என்று பார்ப்பதும் அதனால்தான்.